ஃபிலிமில் எடுத்து, வீட்டிலேயே கழுவி, ஸ்கேன் செய்ய: முழுமையான வழிகாட்டி

ஃபிலிமுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு ரோல் நன்றாக வந்ததா இல்லையா என்பதை ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஸ்கேன் பொய் சொல்லும். மெலிந்துபோன நெகடிவையும் மென்பொருள் இழுத்துப் பிடித்து ஒரு படமாக்கிக் காட்டிவிடும். அளவுக்கு மீறிக் கருத்ததையும் சமன்செய்துவிடும். படம் எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லையா, டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தில், நேரம் போதவில்லையா, ஸ்கேனர் தன் போக்கில் எதையாவது செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அடுத்த ரோலுக்கு ஃபிலிமை மாற்றுவார்கள், அதற்கடுத்த ரோலுக்கு டெவலப்பரை மாற்றுவார்கள். பத்து ரோல் போன பிறகும் முதல் ரோலில் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

எனவே இந்த வழிகாட்டி வேண்டுமென்றே குறுகலானது. ஒரு கேமரா, ஒரு கருப்பு-வெள்ளை ஃபிலிம், ஒரு டெவலப்பர். நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதன் கதையைச் சொல்லத் தெரியும்வரை இந்த மூன்றையும் மாற்றவேண்டாம். கலர் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கேமரா

35 மி.மீ. எஸ்எல்ஆர் ஒன்று, கூடவே 50 மி.மீ. லென்ஸ். தொடங்க இது போதும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 மூன்றிலும் ஷட்டர் முழுக்க இயந்திர முறையில் ஓடுவது. பேட்டரி தீர்ந்தால் லைட் மீட்டர் மட்டும்தான் நிற்கும். கேனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 ஆகியவற்றில் பேட்டரி போனால் ஷட்டரும் அசையாது. அதனால் அவை மோசம் என்றில்லை. பையில் ஒரு பேட்டரி கூடுதலாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கேமராக்களைப் பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்கவேண்டியிருக்கும். பின்கதவைத் திறந்து, லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் தயங்கவேண்டும். ஷட்டரை 1 விநாடியில் வைத்து ஓடவிட்டு, ஃபோனில் ஒலியைப் பதிவு செய்து பார்த்தால் அது உண்மையில் 1 விநாடிதானா என்று தெரியும். மெதுவான வேகங்கள்தான் முதலில் தள்ளாடும். பின்கதவின் ஓரப் பள்ளங்களில் இருக்கும் கருப்பு ஃபோம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது மக்கிவிட்டது, மாற்றவேண்டும். இது குறையே அல்ல, பராமரிப்பு. ஆனால் மாற்றாமல் ரோல் போட்டால் வெளிச்சம் கசியும்.

ஓஎம்-1 போன்ற பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது கிடையாது. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் வேறு கணக்குச் சொல்லும். காது கேட்கும் கருவிக்கான ஜிங்க்-ஏர் பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தரும், கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். ஆனால் ஒட்டுத்தாளை உரித்த நாளிலிருந்தே அது தீரத் தொடங்கிவிடும்.

ஃபிலிம்

ஐஎஸ்ஓ 400 கருப்பு-வெள்ளை. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் 400, கென்ட்மியர் 400 இவற்றில் எது எளிதாகக் கிடைக்கிறதோ அது. கீழே வரும் நேரங்களை எச்பி5 பிளஸ்ஸுக்குத் தருகிறேன், ஏனென்றால் தவறுகளை அதிகம் பொறுத்துக்கொள்ளும் ஃபிலிம்களில் அது ஒன்று. காலாவதியான ஃபிலிமில் கற்காதீர்கள். குறை உங்களுடையதா, ஃபிலிமுடையதா என்று ஒருநாளும் தெரியாது.

ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் டப்பாவைத் திறக்காமலே இரண்டு மணி நேரமாவது வெளியே வைத்து அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த ஃபிலிமில் ஈரம் படியும். விமானப் பயணத்தில் ஃபிலிமைக் கைப்பையிலேயே வையுங்கள். புதிய வகை சிடி ஸ்கேனர் இருந்தால் கையால் பரிசோதிக்கும்படி கேளுங்கள். அந்தக் கதிர் ஃபிலிமில் மூட்டம் போட்டுவிடும்.

ரோல் போடுவதும் எடுப்பதும்

ஃபிலிமின் நாக்கை எடுப்புச் சுருளில் செருகி, இரண்டு பக்கத் துளைகளும் பற்சக்கரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தபின் கதவை மூடுங்கள். ரீவைண்ட் கைப்பிடியை மெதுவாகச் சுற்றித் தொய்வை எடுங்கள். பிறகு லீவரைத் தள்ளும்போது ரீவைண்ட் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. எண்ணிக்கை காட்டும் முள் இதற்குச் சாட்சியாகாது. ஃபிலிம் பிடிக்காமலே அது 36 வரை போகும்.

இனி எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுப்பது என்பது. மேலே சொன்ன கேமராக்களின் மீட்டருக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல். வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் கருப்புக் கோட்டைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கும் அளவைத்தான் சொல்லும். வெள்ளைச் சுவர் வெள்ளையாக வரவேண்டுமானால் மீட்டர் சொன்னதைவிட ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டவேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி.

நெகடிவ் ஃபிலிமில் நிழலுக்குத்தான் முதலிடம். காரணம் எளிது. வெளிச்சம் பட்ட வெள்ளி ஹாலைடு துகளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகின்றன. டெவலப்பர் அந்த விதையைப் பிடித்துக்கொண்டு துகள் முழுவதையும் வெள்ளியாக்குகிறது. வெளிச்சமே படாத இடத்தில் விதை இல்லை. எவ்வளவு நேரம் டெவலப்பரில் ஊறினாலும் அங்கே விவரம் முளைக்காது. மறுபக்கம், வெளிச்சம் கூடிப்போனால் நெகடிவ் கருக்கும், ஆனால் விவரம் உள்ளேதான் இருக்கும். எனவே சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். ஸ்லைடு ஃபிலிமுக்கு இது நேர்மாறு.

கொஞ்சம் துல்லியமாக வேண்டுமென்றால்: படத்தில் விவரம் தெரியவேண்டிய மிக இருண்ட பகுதியை மட்டும் மீட்டருக்குக் காட்டி அளந்து, அந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறையின் சாரத்தில் பாதி இதுதான். அந்த முறை தனித் தகடுகளில் எடுத்தவர்களுக்கு முழுதாகப் பயன்பட்டது. 36 வெவ்வேறு வெளிச்சங்கள் ஒரே டேங்கில் கழுவப்படும் ரோலுக்கு இந்தப் பாதியே தாராளம்.

மீட்டரே இல்லையென்றால் நிழலைப் பார்த்துக் கணிக்கலாம். ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகம், அதாவது 400க்கு 1/500. நிழலின் விளிம்பு கூர்மையாக விழுந்தால் அப்பர்ச்சர் எஃப்/16. விளிம்பு மங்கினால் எஃப்/11. நிழல் இருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தால் எஃப்/8. நிழலே இல்லாத மேகமூட்டத்துக்கு எஃப்/5.6. வெயில் நாளில் கட்டடத்தின் நிழலுக்குள் நிற்பவருக்கு எஃப்/4. ஒரு மாதம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டு மீட்டரோடு ஒப்பிட்டால், மீட்டர் எப்போது ஏமாறுகிறது என்பது தானாகப் புரியும்.

இரவுப் படங்களில் ஒரு விஷயம். 1 விநாடியைத் தாண்டினால் ஃபிலிமின் உணர்திறன் குறையத் தொடங்கும். எச்பி5 பிளஸ்ஸில் மீட்டர் 10 விநாடி சொன்னால் ஏறத்தாழ 20 விநாடி கொடுக்கவேண்டும்.

முதல் ரோலில் ஆறு படங்களைச் சோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள். நிழலும் வெயிலும் கலந்த ஒரே காட்சியை மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு குறைத்து ஒன்று, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப் கூட்டி. எந்த எண்ணில் எது என்று நோட்டில் எழுதுங்கள். சலிப்பான படங்கள்தான். ஆனால் பின்னால் நெகடிவைப் படிக்கும்போது உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இவைதான்.

ரோல் முடிந்ததும் கேமராவின் ரீவைண்ட் விடுவிப்பை (பெரும்பாலும் அடியில் உள்ள பொத்தான்) இயக்கிவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள். லீவர் நகர மறுக்கும்போது பலம் காட்டினால் துளைகள் கிழியும். இறுக்கம் விட்டதும் நிறுத்தினால் ஃபிலிமின் நாக்கு வெளியே நிற்கும், கழுவும்போது வசதி. அப்படி விட்டால் நாக்கின் முனையை மடித்துவையுங்கள். இல்லாவிட்டால் எடுத்த ரோலையே மீண்டும் போட்டுவிடும் வாய்ப்புண்டு.

கழுவத் தேவையானவை

வெளிச்சம் புகாத டேங்கும் ரீலும், இருட்டுப் பை, தெர்மாமீட்டர், அளவுக் குவளைகள் மூன்று, மூடி இறுகும் பாட்டில்கள், கத்தரிக்கோல், கிளிப்புகள், ஃபோனில் ஒரு டைமர். இருட்டறை வேண்டியதில்லை, ஃபிலிம் டேங்குக்குள் போகும் வரைதான் இருட்டு தேவை. சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கவேண்டாம், இதற்கென வாங்கியதைச் சமையலறைக்கு அனுப்பவும் வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டெவலப்பரில் உள்ள மெட்டால் என்ற பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

ரசாயனம் நான்கு: டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், கடைசி அலசலில் தண்ணீர்த் தடம் விழாமல் காக்கும் வெட்டிங் ஏஜென்ட். டெவலப்பரில் இல்ஃபோர்ட் ஐடி-11 அல்லது கோடாக் டி-76. 1927இல் வந்த டி-76இன் கலவையும் ஐடி-11இன் கலவையும் ஏறக்குறைய ஒன்றே: மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்ஃபைட், போராக்ஸ். இவை பொடியாக வரும். கரைத்துவைத்தால் நிரம்பிய பாட்டிலில் சில மாதங்கள் தாங்கும். மாதம் ஒரு ரோல்கூடக் கழுவாதவருக்கு ரோடினால் வகை திரவம் நல்லது. திறந்த பாட்டிலும் ஆண்டுக்கணக்கில் கெடாது. துகள் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ரீலில் ஏற்றுவது

இந்தப் பொழுதுபோக்கில் பாதிப் பேர் தோற்பது இங்கேதான், ரசாயனத்தில் அல்ல. வீணான ஒரு ரோலை எடுத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பைக்குள் என்று கை பழகும்வரை ஏற்றுங்கள். உண்மையான ரோலோடு பழகாதீர்கள்.

பிளாஸ்டிக் ரீல் எலும்பு மாதிரி காய்ந்திருக்கவேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதி வழியில் ஒட்டி நின்றுவிடும். ஃபிலிமின் நாக்கைத் துளைகளுக்கு நடுவே நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக வளைத்துச் சீவிவிட்டால் ரீலில் சிக்காது. பைக்குள் போகவேண்டியவை: டேங்க், மூடி, நடுத்தண்டு, ரீல், கத்தரிக்கோல், ரோல். நடுத்தண்டை மறந்துவிட்டு மூடினால் மூடியின் ஓட்டை வழியே வெளிச்சம் நேராக ஃபிலிமில் விழும். பையை மூடும் முன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

ரீலின் வாயில் சிறு குண்டுகள் இருக்கும் தடங்களுக்குள் ஃபிலிமைச் செலுத்தி, ரீலின் இரு பக்கங்களையும் முன்னும் பின்னுமாகத் திருகினால் அது தானே உள்ளே போகும். தடங்கினால் தள்ளாதீர்கள். வளைந்து மடிந்த இடத்தில் பிறை வடிவில் கருந்தடம் விழும். பைக்குள் கை வியர்க்கத் தொடங்கினால் ஃபிலிமை டேங்கில் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து, பத்து நிமிடம் கழித்துத் தொடருங்கள். யாரும் துரத்தவில்லை.

கழுவுவது

டேங்க் மூடியபின் எல்லாம் வெளிச்சத்தில்தான். பாட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரீலுக்கு 290 மில்லி போதும். 300ஆக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஐடி-11 கரைசல் 150 மில்லி, தண்ணீர் 150 மில்லி. இதை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடவேண்டும். எச்பி5 பிளஸ்ஸை 400இல் எடுத்திருந்தால் 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம்.

அந்த 20 டிகிரியைப் பிடிப்பதுதான் சூடான அறையில் தலைவலி. ஐஸ் போட்டுப் போராடுவதைவிட 24 டிகிரியில் நிலைநிறுத்தி நேரத்தைக் குறைப்பது நல்லது. 13 நிமிடம் அங்கே சுமார் 9 ஆகும். தயாரிப்பாளரின் வெப்பநிலை அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குவளைகளை ஒரு தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவைத்தால் எல்லாம் ஒரே சூட்டில் நிற்கும். மொத்த நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் கழுவல் திட்டுத் திட்டாக வரும், அந்த அளவு சூட்டைத் தவிருங்கள். டெவலப்பர், ஃபிக்ஸர், தண்ணீர் மூன்றுக்கும் இடையே பெரிய வெப்ப வித்தியாசமும் வேண்டாம்.

டெவலப்பரை ஊற்றி முடித்ததும் முதல் 10 விநாடியில் டேங்கை நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கீழே வைக்கும்போது மெதுவாகத் தட்டினால் ஃபிலிமில் ஒட்டிய காற்றுக் குமிழ்கள் விடுபடும். அதன்பின் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதே நான்கு கவிழ்ப்பு. இந்தத் தாளத்தை வாழ்நாள் முழுக்க மாற்றாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். கவிழ்ப்பது கூடினால் கான்ட்ராஸ்ட் கூடும், வேகமாகக் குலுக்கினால் துளைகளைச் சுற்றிக் கோடுகள் விழும். நேரம் முடிய 10 விநாடி இருக்கும்போதே கொட்டத் தொடங்குங்கள்.

ஸ்டாப் பாத் அரை நிமிடம். நீர்த்த அமிலம்தான், டெவலப்பரின் வேலையை அங்கேயே நிறுத்தி, ஃபிக்ஸரின் ஆயுளையும் காக்கும். பிறகு 1+4 அளவில் (ஒரு பங்கு ஃபிக்ஸர், நான்கு பங்கு தண்ணீர்) கலந்த வேக ஃபிக்ஸர், 3 முதல் 5 நிமிடம், இடையிடையே கவிழ்த்து. ஃபிக்ஸர் வெளிச்சம் படாத வெள்ளி ஹாலைடைக் கரைத்து எடுக்கிறது. தயோசல்ஃபேட் உப்பு இதைச் செய்யும் என்று ஜான் ஹெர்ஷெல் 1819இலேயே கண்டிருந்தார், புகைப்படம் பிறப்பதற்கு முன்பே.

ஃபிக்ஸரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அதனால் அது தீர்ந்துபோனதை அறியவேண்டும். நாக்கிலிருந்து வெட்டிய துண்டை அதில் போட்டு எத்தனை நேரத்தில் தெளிகிறது என்று பாருங்கள். அதன் இரு மடங்குதான் ஃபிக்ஸ் செய்யும் நேரம். புதிதாக இருந்தபோது ஆனதைவிட இரட்டிப்பு நேரம் பிடித்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டாமல், ஃபிலிம் கழுவும் லேபிடமோ ரசாயனக் கழிவு சேகரிப்பவரிடமோ கொடுங்கள்.

ஃபிக்ஸ் முடிந்தபின் மூடியைத் திறக்கலாம். ஓடும் குழாயில் அரை மணி நேரம் வைக்கத் தேவையில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. இல்ஃபோர்ட் பரிந்துரைக்கும் முறை இது. கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் வெட்டிங் ஏஜென்டை 1+200 அளவில் கலந்து ஒரு நிமிடம் ஊறவிட்டு, மேலே ஒரு கிளிப், கீழே எடையோடு ஒரு கிளிப் என்று தொங்கவிடுங்கள். தூசி அடங்கிய குளியலறை சிறந்த இடம். விரலால் வழித்துவிடும் ஆசையை அடக்குங்கள். ஈரமான எமல்ஷனில், அதாவது படம் பதிந்த பூச்சில், ஒரு மணல் துகள் கோடு போட்டால் அது நிரந்தரம். இரண்டு, மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

நெகடிவைப் படிப்பது

காய்ந்ததும் ஸ்கேனரிடம் ஓடாதீர்கள். ஃபோன் திரையில் வெற்று வெள்ளையைக் காட்டி அதற்குச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கு அதில் பங்கில்லை, கழுவலுக்கு மட்டுமே பங்கு. ஓர எழுத்து கருப்பாக, தெளிவாக இருந்தால் டெவலப்பர் வேலை செய்திருக்கிறது. எழுத்து நன்றாக இருந்து கட்டங்கள் காலியாக இருந்தால் ஃபிலிம் கேமராவில் நகரவேயில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லாமல் முழுதும் கண்ணாடியாக இருந்தால் டெவலப்பர் செத்துப்போயிருந்தது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். எழுத்து மங்கி, படமும் மங்கியிருந்தால் கழுவல் நேரமோ சூடோ குறைவு. ரோல் முழுக்க ஓரம்வரை கருப்பென்றால் வெளிச்சம் பட்டுவிட்டது.

பிறகு கட்டத்துக்குள். நெகடிவில் தெளிவாக இருக்கும் பகுதிதான் படத்தின் நிழல். அங்கே மெல்லிய விவரம் தெரியவேண்டும். ஓரத்து வெற்று ஃபிலிமைப் போலவே காலியாக இருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை. இதற்குக் கழுவலில் மருந்து கிடையாது. நெகடிவில் கருத்த பகுதி படத்தின் வெளிச்சம். அச்சிட்ட ஒரு தாளின் மேல் வைத்தால் மிகக் கருத்த இடத்தின் ஊடாக எழுத்து சிரமத்தோடு தெரியவேண்டும். நிழலில் விவரம் சரியாக இருந்து, இந்தப் பகுதி மட்டும் இரும்பாகக் கருத்திருந்தால் டெவலப்பரில் நேரம் கூடிவிட்டது, அடுத்த ரோலுக்கு 10 முதல் 15 சதவீதம் குறையுங்கள். அது சோம்பலான சாம்பலாக இருந்தால் அதே அளவு கூட்டுங்கள். நிழலுக்குக் கேமரா பொறுப்பு, வெளிச்சத்துக்கு டேங்க் பொறுப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எதைத் திருத்துவது என்ற குழப்பமே வராது.

சோதனைக்கு எடுத்த ஆறு கட்டங்களையும் இப்போது வரிசையாகப் பாருங்கள். இரண்டு ஸ்டாப் குறைந்ததில் நிழல் எப்படிக் காணாமல் போகிறது, மூன்று ஸ்டாப் கூடியதில்கூட எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கண்ணால் காண்பது எந்த விளக்கத்தையும்விட மேல்.

மற்ற அடையாளங்கள் சுருக்கமாக: பால் போன்ற மூட்டம், ஃபிக்ஸ் போதவில்லை, திரும்ப ஃபிக்ஸரில் போடலாம். வட்டமான தெளிந்த புள்ளி, காற்றுக் குமிழ். துளைகளின் பக்கமிருந்து கட்டத்துக்குள் பாயும் கருங்கீற்று, பின்கதவின் ஃபோம். ஊதா அல்லது இளஞ்சிவப்புச் சாயல், மிஞ்சிய சாயம். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் ஃபிக்ஸ் செய்து அலசினால் போய்விடும்.

ஸ்கேன்

வழி மூன்று. தட்டை ஸ்கேனர், ஃபிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனர், மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமரா.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24×36 மி.மீ. கட்டத்தை அங்குலத்துக்கு 2400 புள்ளியில் எடுத்தால் சுமார் 7.7 மெகாபிக்சல், 4000 புள்ளியில் சுமார் 21 மெகாபிக்சல். திரையில் பகிர முதலாவதே மிகை. எப்சன் வி600 போன்ற தட்டை ஸ்கேனர்களின் பெட்டியில் 6400 என்று போட்டிருக்கும், ஆனால் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூட இல்லை. 35 மி.மீட்டரைவிட அகலமான 120 என்ற ஃபிலிம் வகையின் பெரிய நெகடிவுக்கு அது நன்றாகவே போதும். 35 மி.மீட்டரை மட்டுமே ஸ்கேன் செய்பவர் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் போன்ற தனி ஸ்கேனரையோ கேமரா வழியையோ நாடலாம்.

டிஜிட்டல் கேமரா ஏற்கெனவே இருந்தால் என் தேர்வு அதுதான். முழு ரோலும் கால் மணி நேரத்தில் முடியும். 1:1 மேக்ரோ லென்ஸ், ஃபிலிமைச் சமமாகப் பிடிக்கும் சட்டகம், நிறத் துல்லியக் குறியீடான சிஆர்ஐ 95க்கு மேல் உள்ள எல்ஈடி பலகை, ஆடாத ஸ்டாண்டு. ஃபோன் திரையை விளக்காக்கினால் அதன் புள்ளிகளே படத்தில் தெரியும். ஃபிலிமின் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிரதிபலிப்பு வியூஃபைண்டரின் நட்ட நடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்தால் இரண்டும் இணையாகிவிட்டன. அறை விளக்கை அணையுங்கள். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு, டைமரில் ஷட்டர்.

எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டி ரோல் முழுவதையும் ஒரே அளவில் எடுங்கள். இது முக்கியம். ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு நெகடிவையும் சமன்செய்துவிடும். மெலிந்ததும் கருத்ததும் ஒன்றுபோலத் தெரியும், இவ்வளவு நேரம் கற்றது பயனற்றுப் போகும். ஸ்கேனரிலும் இதே கொள்கைதான்: தானியங்கித் திருத்தம், ஷார்ப்பனிங் இரண்டையும் அணைத்து, 16 பிட் டிஃப் கோப்பாக, ஹிஸ்டோகிராமின் இரு முனையும் வெட்டுப்படாமல் எடுங்கள். கோப்பு சப்பென்று இருக்கும், இருக்கட்டும். தலைகீழாக்கி, கருப்பு, வெள்ளை முனைகளை வைத்து, கர்வ் வளைப்பதை மென்பொருளில் நீங்களே செய்யுங்கள். இலவசமான டார்க்டேபிளில் இதற்கென நெகாடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. லைட்ரூம் வைத்திருப்பவர்கள் நெகடிவ் லேப் புரோ பயன்படுத்துகிறார்கள்.

தூசி நீக்கும் டிஜிட்டல் ஐஸ் அகச்சிவப்புக் கதிரில் இயங்குவது. கருப்பு-வெள்ளை நெகடிவில் உள்ள வெள்ளி அந்தக் கதிரையும் மறைப்பதால் படத்தையே தூசியென எண்ணிச் சிதைத்துவிடும், அணைத்துவிடுங்கள். காற்றுப் பந்தும் பொறுமையும்தான் வழி. கலர் நெகடிவில் அது அருமையாக வேலை செய்யும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் கருப்பு-வெள்ளைதான் என்றாலும் கலர் முறையில் கழுவப்பட்டு, வெள்ளி நீங்கி, சாயம் மட்டும் மிஞ்சுவதால் அதிலும் வேலை செய்யும்.

கலரும் புஷ்ஷும்

கலர் நெகடிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. படிகள் கருப்பு-வெள்ளையைவிட அதிகமில்லை, ஆனால் சூடு அரை டிகிரிகூட அலையக்கூடாது. மூன்று நிற அடுக்குகளும் வெவ்வேறு வேகத்தில் போய்விட்டால் நிழல் ஒரு நிறமும் வெளிச்சம் ஒரு நிறமுமாக வரும். தண்ணீரைச் சூடாக்கிச் சுழற்றும் சமையல் கருவி ஒன்று இருந்தால் சிரமம் தீரும். கலந்துவிட்ட ரசாயனம் நீண்ட நாள் தாங்காது என்பதால், பல ரோல்களைச் சேர்த்துவைத்து இரண்டு வாரத்துக்குள் கழுவுபவருக்குத்தான் வீட்டில் கலர் லாபம். மற்றவர்கள் லேபில் கொடுத்து, ஸ்கேனை மட்டும் வீட்டில் செய்யலாம். சினிமா ஃபிலிமான கோடாக் விஷன்3 ரோல்களின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு இருக்கக்கூடும். அது உரிந்து மற்றவர்களின் ரோல்களையும் கெடுக்கும் என்பதால் சாதாரண சி-41 லேபில் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் எச்பி5 பிளஸ்ஸை ஐஎஸ்ஓ 1600ஆக வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவலாம். இதற்குப் பெயர்தான் புஷ். ரோல் முழுவதும் அப்படியே எடுத்து, நீர்க்காத ஐடி-11இல் 20 டிகிரியில் 14 நிமிடம் கழுவவேண்டும். இதனால் ஃபிலிமின் உணர்திறன் உயர்வதில்லை. நடுத்தர ஒளியும் வெளிச்சமும் மேலே ஏறும்; நிழல் கருப்பாகவே போகும். மேடை நிகழ்ச்சிக்கு அது பொருந்தும், மங்கிய அறையில் ஒருவரின் முகத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

வெட்டி அடுக்குவது

ஆறு ஆறு கட்டமாக வெட்டி, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன் உறையில் போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் ஃபிலிமைக் கெடுக்கும். சுருண்டு நிற்கும் ஃபிலிமை உறையோடு கனமான புத்தகத்தின் கீழே ஒருநாள் வைத்தால் படியும். உறையின் மேல் ஒரு எண், அதே எண்ணில் கணினியில் ஒரு ஃபோல்டர், அதே எண்ணில் நோட்டில் ஒரு பக்கம்: ஃபிலிம், எடுத்த ஐஎஸ்ஓ, டெவலப்பர், கலவை, சூடு, நேரம், நெகடிவைப் பார்த்தபோது தோன்றிய ஒரு வரி. ஸ்கேனை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம், அதனால் வன்தட்டைவிட உறைகளைத்தான் ஈரமும் சூடும் படாத இடத்தில் வைக்கவேண்டும்.